சுத்தி வந்துடும்

போன வாரம் திருவண்ணாமலையில் ஒரு திருகாணி காணாமல் போனது.

என் கல்லூரித் தோழி மல்லிகாவின் பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை வீறிட்டுக்கொண்டிருக்க, பத்தர் ஒரு காதை முடித்துவிட்டார். அடுத்த காதில் கம்மலைப் போட்டுத் திருகப் போகும் நேரம் பார்த்துக் குழந்தை கையை உதறியது. திருகாணி எங்கோ பறந்துவிட்டது.

சத்திரமே குனிந்தது. பட்டுப்புடவைகள் எல்லாம் தரையில் மண்டி போட்டன. "யாரும் காலை எடுக்காதீங்க, மிதிச்சிடப் போறீங்க!" என்று மல்லிகாவின் மாமியார் சத்தம் போட்டார். காலை எடுக்காமல் எப்படித் தேடுவது?

அப்போதுதான் விஜயா சொன்னாள்: "விடுடி. சுத்தி வந்துடும்."

அவ்வளவுதான். மல்லிகா சிரிக்க ஆரம்பித்தாள். சரோஜா சிரித்தாள். சொன்ன விஜயாவே சிரித்தாள். பிள்ளை குட்டி பெற்ற மூன்று பொம்பளைகள், ஊரே பார்க்கத் தரையில் உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

எதற்குச் சிரித்தேன் என்று கேட்காதீர்கள். பத்து வருஷமாக அந்த வார்த்தைக்கு நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதில் என்ன சிரிப்பு என்பது மட்டும் எனக்குத் தெரியாது – போன வாரம்வரை.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் பொறாமைக் குணம் புதிதல்ல. எதிர்வீட்டு மிக்ஸியைப் பற்றி எழுதியிருக்கிறேன். நாத்தனாரின் கூந்தலைப் பற்றி எழுதி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் சில்லறைப் பொறாமைகள். இன்றைக்குச் சொல்லப்போவது ஃபிக்ஸட் டெபாசிட். பத்து வருஷம் வட்டியோடு வளர்ந்தது.

எழுபதுகளின் நடுவில், எங்கள் ஊர்க் கல்லூரியில் எங்கள் வகுப்பில் பெண்கள் நாலே பேர். அப்போது அதுவே ஜாஸ்தி. நாலு பேருக்கும் ஒரே பெஞ்ச். ஒருத்தி லீவு போட்டால் லெக்சரர் மற்ற மூன்று பேரையும் எழுப்பி நிற்க வைத்துக் காரணம் கேட்பார்.

சரோஜா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். மல்லிகாவின் அப்பா டவுனில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார் – மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை. விஜயா வாத்தியார் பெண். தன் நிழலைப் பார்த்தே பயப்படுகிற ரகம். நான் அடி அண்ணாமலை. மலை சுற்றுகிற பாதையிலேயே எங்கள் வீடு.

நாலு பேருக்கும் பொதுவான ஒரு குறை இருந்தது. நாங்கள் யாரும் கடலைப் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து மலைதான். காலையில் பல் விளக்கும்போது மலை, கல்லூரி ஜன்னலில் மலை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் அதற்குப் பின்னாலும் மலை.

கடைசி வருஷம் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வந்தது. சரோஜாவின் அக்காவைப் பாண்டிச்சேரியில் கொடுத்திருந்தார்கள். "பாண்டிச்சேரி போறோம்" என்றால் கதவைச் சாத்துகிற அப்பாக்கள்கூட, "அக்கா வூட்டுக்குப் போறோம்" என்றதும் மசிந்தார்கள். என் அப்பாவும் மசிந்தார்! கடலில் நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று நான் ஒரு நைலக்ஸ் புடவைகூட வாங்கிவிட்டேன். நீலக் கலர். கடலுக்கு மேட்சாக.

கிளம்புவதற்கு முந்தின நாள் போளூரிலிருந்து ஒருவர் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம்.

"அப்பா... பாண்டிச்சேரி?" என்றேன்.

"கடலு எங்கயும் ஓடிடாதும்மா," என்றார் அப்பா. "மாப்ள வூட்டுக்காரங்க ஓடிடுவாங்க."

அம்மா நைலக்ஸ் புடவையை வாங்கி மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு அதெல்லாம் கட்டக்கூடாது, கண்ணாடி மாதிரி இருக்கிறதாம்.

பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் பொறாமைக்கு ஒரு குணம் உண்டு – எல்லாவற்றையும் நேரில் பார்த்தே தீர வேண்டும். மூன்று பேரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் சீட். நான் வந்திருந்தால் நாலாவது ஆள் நின்றுகொண்டு போயிருக்க வேண்டும்... நான் இல்லாததும் நல்லதாகப் போயிற்றோ என்று அப்போதே எனக்குள் ஒரு முள் குத்தியது.

விஜயா ஜன்னல் வழியாக என்னென்னவோ கேட்டாள். நானும் ஏதேதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்றெல்லாம் ஞாபகமில்லை. நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றதும், பஸ் கிளம்பும்போது மூன்று கைகள் வெளியே ஆடியதும்தான் ஞாபகம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் சொஜ்ஜி சாப்பிட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், மறுபடி பஜ்ஜி சாப்பிட்டார்கள். நான் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்தபோது, இந்நேரம் அவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருப்பார்கள் என்று நினைத்தேன். என் முகம் எப்படி இருந்திருக்கும்? "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா சொன்னது பாதி பலித்தது. கடல் அங்கேயேதான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஓடிவிட்டார்கள்.

லீவு முடிந்து மூன்று பேரும் கல்லூரிக்கு வந்தார்கள். முகமெல்லாம் கருத்து, மூக்கில் தோல் உரிந்து, பார்க்கவே சகிக்கவில்லை. அந்த உரிந்த மூக்கைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது. என் மூக்கு மட்டும் முழுசாக, பத்திரமாக இருந்தது. யாருக்கு வேண்டும்?

எனக்கு ஒரு சங்கு கொண்டு வந்திருந்தாள் சரோஜா. "காதுல வெச்சுப் பாருடி. கடல் சத்தம் கேக்கும்."

வைத்துப் பார்த்தேன். வயிறு எரிகிற சத்தம்தான் கேட்டது.

அன்றைக்கே அது ஆரம்பித்துவிட்டது. விஜயாவின் பேனா மூடி பெஞ்சுக்கு அடியில் உருண்டு போயிற்று. அவள் குனிவதற்குள் மல்லிகா சொன்னாள்: "விடு. சுத்தி வந்துடும்." உடனே மூன்று பேரும் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்கள். லெக்சரர் மூன்று பேரையும் வெளியே அனுப்பினார். என்னை மட்டும், "நீ நல்ல பொண்ணும்மா, உக்காரு" என்றார். அந்த நீளப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த நல்ல பெண்ணுக்கு அழுகை அழுகையாக வந்தது.

பெல் அடித்ததும் கேட்டேன். "இன்னாடி அது? எதுக்குச் சிரிக்கிறீங்க?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஜயாதான் சொன்னாள்: "அது... நீ அங்க இருந்திருந்தாத்தான் உனக்குப் புரியும்."

இதைவிடக் கொடுமையான ஒரு வாக்கியம் தமிழில் இருக்கிறதா, சொல்லுங்கள்?

அதிலும் அந்த வார்த்தை! வெளியூர்க்காரர்கள் சிரித்தால்கூட எனக்குப் புரியும். எங்கள் பக்கத்தில் அது தண்ணீர் குடிப்பது மாதிரி சாதாரண வார்த்தை. பௌர்ணமி வந்தால் மலை சுற்றுகிறவர்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று வழி கேட்பார்கள். "கோயிலுக்கு எப்படிங்க போறது?" அம்மா அடுப்படியிலிருந்து தலையைக்கூட நீட்ட மாட்டாள். "வலது கைப் பக்கமா வெச்சுனே போங்க, சுத்தி வந்துடும்!" என்று குரல் மட்டும் வரும். மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால், கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்துவிடலாம். வழி தப்பவே முடியாது. நாங்கள் குழந்தைகளும் அதையே சொல்லுவோம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அதையும் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து சிரிக்க?

மறுபடி கேட்கவில்லை. ரோஷம். கேட்டால் நான் வெளியாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? அதற்குப் பதில் சிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

சரோஜா கல்யாணத்தில் தாலித் தட்டு யார் கையில் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் குழப்பம். "சுத்தி வந்துடும்." சிரித்தேன். விஜயாவுக்கு வேலை கிடைக்கத் தாமதமானபோது, "சுத்தி வந்துடும்." சிரித்தேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் சிரித்து அரை நொடி கழித்து. ஒரு தடவை என் வீட்டுக்காரர்கூட, "ஜோக் உனக்கு மட்டும் தபால்ல வருதா?" என்று கேட்டார்.

நான் நாலு பேரில் ஒருத்தியா? இல்லை, மூன்று பேருக்குப் பக்கத்தில் நிற்கிற ஒருத்தியா? பத்து வருஷமாக எனக்கு இருந்த கேள்வி அது ஒன்றுதான்.

இத்தனைக்கும் கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது மெட்ராஸ். திருவல்லிக்கேணி. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கடல். பிள்ளைகள் மணலில் வீடு கட்டும், நான் சுண்டல் தின்பேன். எவ்வளவு பெரிய கடல்! ஆனாலும் என்ன... அவர்கள் மூன்று பேரும் இறங்கின கடல் இது இல்லையே என்று தோன்றும். ஒரே தண்ணீர்தான் என்பதெல்லாம் பூகோளப் புத்தகத்துக்குச் சரி.

சரி, காதுகுத்துக்கு வருவோம்.

திருகாணி கிடைத்துவிட்டது. தாய்மாமன் எழுந்து வேட்டியை உதறியபோது மடிப்பிலிருந்து விழுந்தது. பந்தி முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, சத்திரத்தின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் நாலு பேரும் உட்கார்ந்தோம். "பாத்தியா, சுத்தி வந்துச்சு!" என்றாள் விஜயா. மறுபடி மூன்று பேரும் ஆரம்பித்தார்கள்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. வாயில் வெற்றிலையோடு கேட்டுவிட்டேன். "அடியே, இன்னா எழவுடி அது? பத்து வருஷமா நானும் சிரிச்சினு இருக்கேன். சத்தியமா எனக்குத் தெரியாது."

சிரிப்பு பட்டென்று நின்றது.

"இன்னாது, தெரியாதா?" என்றாள் சரோஜா. "அப்புறம் எதுக்குடி சிரிச்ச?"

"நீங்க சிரிச்சீங்க, சிரிச்சேன்."

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இவளுக்கு நாம சொல்லவே இல்லியாடி?"

பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உங்களுக்காகப் பிரித்து எழுதுகிறேன்.

"அக்கா வூட்ல இருந்து காலைல நாங்க மட்டும் கெளம்பினோம்," என்றாள் சரோஜா. "நேரா ஒரு தெரு, கடைசியில கடலு. ஆடினோம், பாடினோம். திரும்பிப் பாத்தா எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்குது. எந்தத் தெருவுல வந்தோம்னே தெரியல."

"நம்ம ஊரா இருந்தா தலைய தூக்கினா மலை தெரியும்," என்றாள் மல்லிகா. "எந்தப் பக்கம் நிக்கிறோம்னு அது சொல்லிடும். அங்க தூக்கினா வெறும் வானம்."

"நான் அழுதுட்டேன்," என்றாள் விஜயா. "அப்பத்தான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு."

"நானா? நான் இன்னா சொன்னேன்?"

"பஸ் ஸ்டாண்டுல. புது ஊராச்சே, வழி தப்பிட்டா இன்னாடி பண்றதுன்னு உன்ன கேட்டேன். நீ எங்கயோ பாத்துனு, 'வலது கைப் பக்கமா வெச்சுனே போங்க, சுத்தி வந்துடும்'னு சொன்னே."

எனக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கிக்கொண்டது.

சொல்லியிருப்பேன். வழி என்று யார் கேட்டாலும் என் வாய் தானாகச் சொல்கிற பதில் அது. எதை வலது கைப் பக்கம் வைப்பது என்று சொல்லியிருக்க மாட்டேன். எங்கள் ஊரில் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே!

"மலை இல்ல," என்றாள் சரோஜா. "இருந்தது கடலுதான். சரின்னு கடல வலது கைப் பக்கமா வெச்சுனு நடந்தோம்."

நடந்திருக்கிறார்கள். ஊர் முடிந்துவிட்டது. கட்டுமரங்கள், வலைகள், தென்னந்தோப்பு. பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிற மூன்று பெண்கள், கடலைச் சுற்றி வந்தால் அக்கா வீடு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் வேகாத வெயிலில் நடந்திருக்கிறார்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தான், வளைவு வந்துடும்" என்று மல்லிகா தைரியம் சொன்னாளாம்.

கடைசியில் ஒரு குப்பத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிறுத்தியிருக்கிறாள். "எங்கம்மா போறீங்க இந்த வெயில்ல?"

"ஊருக்குள்ள போறோம்க்கா. இப்டியே போனா சுத்தி வந்துடும் இல்ல?"

"எத்தச் சுத்தி?"

"கடல."

அந்த அம்மாள் கருவாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டாளாம். "கடலச் சுத்தியா! அடி பொண்ணுங்களா... இப்டியே போனீங்கன்னா மெட்ராஸுதான் வரும்!"

குப்பமே கூடிவிட்டது. சிரித்துச் சிரித்து ஓய்ந்து, மூன்று பேரையும் நிழலில் உட்கார வைத்து, சுடச்சுடச் சோறும் மீன் குழம்பும் போட்டிருக்கிறார்கள். முட்டையைக்கூடத் தொடாத மல்லிகா மறுசோறு வாங்கினாளாம். இந்த இடத்தில் மல்லிகா, "மாமியார் காதுல விழப்போவுது, மெதுவா!" என்றாள்.

"யாரு உங்களுக்கு இப்படி வழி சொன்னதுன்னு கேட்டாங்க," என்றாள் விஜயா. "எங்க லச்சுமின்னு சொன்னோம். அது ஏன் வரலன்னாங்க. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு சொன்னோம். 'அடுத்த தடவ அந்த லச்சுமியையும் இட்டுனு வாங்க, அது மூஞ்சியப் பாக்கணும்'னாங்க. பஸ் ஏத்தி விடற வரைக்கும் உன் பேச்சுதாண்டி."

"அத ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? வந்து பாத்தா நீ மூஞ்ச தூக்கி வெச்சுனு இருந்தே. போளூர்க்காரங்க வேற தகவல் சொல்லல. உன்ன வெச்சுச் சிரிச்சோம்னு தெரிஞ்சா அழுதுடுவேன்னு, அப்புறமா சொல்லலாம்னு இருந்தோம். அப்புறம் நீயே சிரிக்க ஆரம்பிச்சிட்டே. எங்கள்ல யாரோ ஒருத்தி சொல்லிட்டா போலன்னு விட்டுட்டோம்."

பாருங்கள் கூத்தை! பத்து வருஷம் நான் எதைப் பார்த்து வெந்தேன்? என்னையே! நான் இல்லாத இடத்தில் நடந்த சிரிப்பு என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பே நான்தான். நடந்தது அத்தனைக்கும் வழி சொன்னவள் நான். எனக்குத்தான் தெரியவில்லை.

சிரித்தேன். புரையேறும்வரை சிரித்தேன். முதல் தடவையாக, அவர்களோடு ஒரே நேரத்தில்.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறீர்களா? அதெப்படித் தீரும்? வழி தப்பியவர்களுக்கு மீன் குழம்பு. வழி சொன்னவளுக்குப் பஜ்ஜித் தட்டு. இது என்ன நியாயம்?

சாயங்காலம் மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். இந்த முறை பஸ்ஸுக்குள் நான், ஜன்னலுக்கு வெளியே அவர்கள். சரோஜா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னவோ மாதிரி இருந்தாள்.

"அப்புறம் கடலு பக்கமே போவலடி," என்றாள். "அக்காவும் ஊரு மாறிப் போயிட்டா. அந்த ஒரு நாளுதான். உனக்குப் பாரு, தெனமும் கடலு."

"வூட்டு வாசல்லியே கடலு," என்றாள் விஜயா.

"அந்தம்மா இப்டியே போனா மெட்ராஸுன்னு சொன்னாங்க. நாங்க பாதியில திரும்பிட்டோம்," என்றாள் மல்லிகா. "போய்ச் சேந்தது நீதான். எனக்கு வயித்தெரிச்சலா இருக்குடி, பொய் சொல்வானேன்."

மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நிஜமாகவே எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த உர்ரென்ற முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அதே பஸ் ஸ்டாண்டில் நான் வைத்துக்கொண்டு நின்ற முகம்.

"லீவுக்கு வாங்கடி, மூணு பேரும்," என்றேன். "வழி ரொம்ப சுலபம்..."

"தெரியும், தெரியும்!" என்று மூன்று பேரும் கத்தினார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

மெட்ராஸ் வரும்வரை நன்றாகத் தூங்கினேன். என்னைப் பார்த்து மூன்று பேருக்கு வயிறு எரிகிறதே, தூக்கம் வராமல் இருக்குமா?

பொறாமைதானே... அதுவும் சுத்தி வந்துடும்!